கண்ணும் செவியும் ஒன்றுபட

மின்னல் முன்னே தோன்றுகிறது. இடி பின்னே கேட்கிறது. இவ்விரண்டும் ஒரே கணத்திற் பிறந்தவை என்பதைப் பள்ளிச் சிறுவனும் அறிவான். நீர்வேலியின் செம்மண் தோட்டங்களில் ஒரு தலைப்பில் நிற்பவன், மறு தலைப்பில் கோடரியால் மரந் தறிப்பவனைப் பார்க்கும்போதும் இதுவே நிகழ்கிறது. கோடரி மரத்திற் படுவதைக் கண் முதலிற் காண்கிறது. அதன் ஓசையோ, கோடரி மீண்டும் உயரத் தொடங்கிய பின்னரே செவியை வந்தடைகிறது. ஒளி ஒரு செக்கனில் ஏறக்குறைய 3 இலட்சம் கிலோமீற்றர் செல்வது. ஒலி, யாழ்ப்பாணத்தின் 30 பாகை வெப்பத்தில், ஒரு செக்கனில் ஏறக்குறைய 349 மீற்றர் தூரமே செல்வது. ஆகவே ஒரு கிலோமீற்றர் தொலைவிற் பிறந்த ஓசை செவிக்கு எட்ட ஏறக்குறைய 3 செக்கன் ஆகிறது. இந்தப் பிரிவை இயற்கையின் வழக்கென்று ஏற்றுக்கொண்டே மனிதன் வாழ்ந்து வருகிறான்.

ஆயின், இதே பிரிவு ஒரு திரையில் நேர்ந்துவிட்டால் அவன் அதனைப் பொறுப்பதில்லை. பேசுபவரின் உதடுகள் மூடியிருக்கச் சொல் கேட்கிறது. அல்லது சொல் முடிந்த பின்னும் வாய் அசைந்துகொண்டிருக்கிறது. பார்ப்பவர் முகஞ் சுளிக்கிறார். பிழை இன்னதென்று அவருக்கு எடுத்துச் சொல்லத் தெரியாதிருக்கலாம். எனினும், எங்கோ ஒரு பொய் புகுந்துவிட்டது என்பதை அவர் மனம் உணர்ந்துகொள்கிறது. தொலைவில் நிற்பவனுடைய ஓசை பிந்தலாம். ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் முகங் காட்டுபவனுடைய ஓசை எவ்வாறு பிந்தும்? அதனினும், எவ்வாறு முந்தும்? திரை ஒவ்வொரு முகத்தையும் அருகிற் கொணர்ந்து காட்டுவதால், அருகிலுள்ள முகத்திற்குரிய நீதியையே மனம் அதனிடம் எதிர்பார்க்கிறது.

வானொலிக்கு இத்தொல்லை இல்லை. அதற்குச் செவி ஒன்றே வாயில். 1925 ஆம் ஆண்டு டிசம்பர் 16 ஆந் திகதி கொழும்பில் ஒலிபரப்புத் தொடங்கிய காலந்தொட்டு அரை நூற்றாண்டுக்கு மேலாக இத்தீவின் மக்கள் செவியினாலேயே உலகைக் கண்டார்கள். 1979 இல் தொலைக்காட்சி இலங்கைக்கு வந்தது. 1982 ஆம் ஆண்டு பெப்ரவரி 15 ஆந் திகதி ரூபவாகினி தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. அன்று பெரிய நிலையங்களும் அவற்றின் பொறியியலாளருமே கவலைப்பட வேண்டியிருந்த ஒரு காரியம், இன்று கிராமத்துக் கோயில் வீதிக்கே வந்துவிட்டது. மூன்று கமராக்களும், ஒரு வீடியோ மிக்சரும், ஒரு கணினியும், இணைய இணைப்பும் உடைய இளைஞர் நால்வர், ஊரிலிருந்தே உலகுக்கு ஒளிபரப்பக் கூடிய காலம் இது.

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வீதி வழியாகச் செல்வோர் கோப்பாயைக் கடந்ததும் நீர்வேலியை அடைவர். வாழைக்குப் பெயர் பெற்ற ஊர். அரசகேசரிப் பிள்ளையார் கோயிலும் கந்தசுவாமி கோயிலும் விளங்கும் ஊர். குடாநாட்டின் பிற ஊர்களைப் போலவே இவ்வூர் மக்களிலும் பலர், 1983 இற்குப் பின்வந்த ஆண்டுகளிற் கனடாவிலும், இங்கிலாந்திலும், பிரான்சிலும், சுவிற்சர்லாந்திலும் சென்று குடியேறினர். அவர்களுட் பலருக்கு ஊர்த் திருவிழா இன்று திரையிலேயே நிகழ்கிறது. கொடியேற்றம், தேர், தீர்த்தம், திருமணம், இறுதிக்கிரியை எல்லாம் நேரலையாகச் செல்கின்றன. 2020 ஆம் ஆண்டின் பெருந்தொற்று மக்களை வீடுகளில் அடைத்து வைத்த காலத்தில், உள்ளூராருக்கும் இதுவே கோயில் வாயிலாயிற்று.

ஒலியும் ஒளியும் பிரிந்துபோவதால் என்ன நட்டம் என்று ஒருவர் கேட்கலாம். மூவகையினர் நட்டமடைகின்றனர். முதலாமவர் முதியோர். செவிப்புலன் குன்றியவர்கள், தாமே அறியாதவாறு, பேசுபவரின் உதட்டைப் பார்த்தே பாதிச் சொல்லை விளங்கிக்கொள்வார்கள். உதடு ஒரு பக்கமும் சொல் ஒரு பக்கமுமாக ஓடினால், அவர்களுக்கு உதவி செய்த கண்ணே பகையாகிவிடுகிறது. இரண்டாமவர் கலை பயிலுவோர். அயல்நாட்டிலிருந்து திரையைப் பார்த்துத் தவில் பயிலும் பிள்ளைக்கு, எந்த விரல் எந்தச் சொல்லைப் பிறப்பித்தது என்பது தெரியாமற் போய்விடும். மூன்றாமவர் உறவினர். தாயின் இறுதிக்கிரியையைத் தொலைதேசத்திலிருந்து பார்க்க நேர்ந்த மகனுக்கு அந்த ஒரு மணி நேரம் மீண்டும் வாராது. அது பிழையின்றிச் சென்று சேர வேண்டியது ஒரு கடமை.

இனி, மனிதனுடைய கண்ணும் செவியும் எவ்வளவு நுட்பமாக இப்பிரிவை உணர்கின்றன என்பதைப் பார்க்கலாம். தமிழ் இலக்கணத்தார் காலத்தை அளக்க மாத்திரை என்னும் அளவை வகுத்தனர். கண் இமைக்கும் நேரமும் கை நொடிக்கும் நேரமும் ஒரு மாத்திரை என்பர். ஒன்று கண்ணின் செயல். மற்றொன்று செவி கேட்கும் செயல். காலத்தின் ஓர் அலகைக் கூறப் புகுந்தவர்கள் கண்ணையும் செவியையும் ஒருங்கே சான்றாக அழைத்தமை சிந்திக்கத் தக்கது. எனினும், இன்று அளவிட வேண்டிய பிரிவு அந்த மாத்திரையினும் சிறியது. இதற்கு மில்லிசெக்கன் என்னும் அளவு வேண்டும். ஒரு செக்கனை ஆயிரமாகக் கூறிட்டால் அதில் ஒரு கூறு மில்லிசெக்கன் ஆகும்.

எழுத்துகளின் பிறப்பைக் கூறும் இலக்கணம் இவ்விடத்தில் மற்றோர் உதவியும் செய்கிறது. பகரமும் மகரமும் இரண்டு உதடுகளும் பொருந்துவதாற் பிறப்பன. வகரம் மேற்பல்லும் கீழுதடும் பொருந்துவதாற் பிறப்பது. ககரம் முதலிய ஒலிகள் வாயினுள்ளே பிறப்பதால் அவற்றைக் கண் அதிகம் காண்பதில்லை. ஆகவே, ஒலியும் ஒளியும் பிரிந்திருக்கின்றனவா என்று ஆராய்பவர் 'அம்மா', 'அப்பா', 'மாமா' போன்ற சொற்களைப் பேசுவித்துப் பார்த்தல் நன்று. உதடு மூடும் கணமும் ஒலி அடைபடும் கணமும் ஒன்றாக இருக்கின்றனவா என்பது அங்கே மறைவின்றித் தெரியும்.

கண் காண்பது செவி கேட்பதையே மாற்றிவிடும் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற பரிசோதனை சான்று. ஹரி மக்கேர்க், ஜோன் மக்டொனால்ட் என்னும் இரு உளவியலாளர் 1976 இல் அதனை வெளியிட்டனர். உதடு மூடிப் பிறக்கும் பகரத்தை ஒத்த ஒலியைச் செவிக்குக் கேட்பித்து, ககரத்தை ஒத்த ஒலியைச் சொல்லும் முகத்தைக் கண்ணுக்குக் காட்டினர். பார்த்தவர்களிற் பெரும்பாலோர் இரண்டையும் விட்டு, டகரத்தை ஒத்த மூன்றாவது ஒலி ஒன்றைக் கேட்டதாகக் கூறினர். கண்ணை மூடிக்கொண்டால் உண்மை ஒலி கேட்டது. திறந்தால் மீண்டும் பொய் ஒலியே கேட்டது. செவியும் கண்ணும் மனத்தினுள்ளே கலந்துபேசியே ஒரு முடிவுக்கு வருகின்றன என்பது இதனால் தெளிவாகும்.

எவ்வளவு பிரிவை மனிதர் கண்டுபிடிப்பர் என்பதைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998 இல் ஒரு பரிந்துரையாக வெளியிட்டது. ஒலி முந்துமாயின் 45 மில்லிசெக்கன் அளவிலேயே அது புலப்படத் தொடங்கும். ஒலி பிந்துமாயின் 125 மில்லிசெக்கன் வரை பலர் அதனை உணர்வதில்லை. முந்துதல் 90 ஐயும், பிந்துதல் 185 ஐயும் கடந்துவிட்டால் காட்சி ஏற்கத் தகாததாகிவிடும். ஐரோப்பிய ஒலிபரப்பாளர் ஒன்றியம் இன்னும் கண்டிப்பானது. முந்துதல் 40, பிந்துதல் 60 மில்லிசெக்கன் என்னும் எல்லைக்குள் நிற்கவேண்டும் என்பது அதன் விதி.

இவ்வளவுகளில் ஓர் ஓரவஞ்சனை இருப்பதை நேயர்கள் கவனித்திருப்பர். பிந்துதலைப் பொறுக்கும் மனம் முந்துதலைப் பொறுப்பதில்லை. காரணம் வேறன்று, இடியும் கோடரியும் கற்பித்த பாடமே. இயற்கையில் ஒலி பிந்துவது உண்டு. முந்துவது ஒருபோதும் இல்லை. கை படுமுன்னே தவில் ஒலித்ததை எவருங் கண்டதில்லை. எனவே, சிறிதளவு பிந்திய ஒலியை, 'அவர் சற்றுத் தள்ளி நிற்கிறார்' என்று மனம் சமாதானம் செய்துகொள்கிறது. முந்திய ஒலிக்கு அவ்வாறு சொல்ல ஒரு சமாதானமும் அதற்குக் கிடைப்பதில்லை.

இப்பிரச்சினை புதியதன்று. பேசும் படம் பிறந்த நாளிலேயே அதுவும் உடன் பிறந்தது. 1927 இல் வெளிவந்த 'ஜாஸ் பாடகன்' என்னும் அமெரிக்கப் படத்தில் ஒலி தனியான இசைத்தட்டிலும், படம் தனியான சுருளிலும் இருந்தன. சுருள் அறுந்து சில படங்களை வெட்டி ஒட்ட நேர்ந்தால், அதன் பின்னர் வரும் ஒவ்வொரு சொல்லும் பிழையாகிவிடும். ஆதலால், வெட்டப்பட்ட படங்களை எண்ணி, அத்தனை கறுப்புப் படங்களை அவ்விடத்தில் ஒட்ட வேண்டியிருந்தது. பின்னர் ஒலியையும் சுருளின் ஓரத்திலேயே பதிக்கும் முறை நிலைபெற்றது. தமிழின் முதற் பேசும் படமாகிய 'காளிதாஸ்' 1931 ஆம் ஆண்டு ஒக்டோபர் 31 ஆந் திகதி வெளியாயிற்று.

அந்தச் சுருளிலும் ஒரு நுட்பம் உண்டு. படம், விளக்கின் முன்னே ஒரு கணம் நின்று நின்று நகரவேண்டும். ஒலியோ தடையின்றி ஒரே சீராக ஓடவேண்டும். ஒரே இடத்தில் இரண்டையும் செய்தல் இயலாது. ஆகவே ஒலி வாசிக்கும் இடத்தைப் படங் காட்டும் இடத்திலிருந்து சற்று விலக்கி வைத்தனர். 35 மில்லிமீற்றர் சுருளில், ஒரு படத்திற்குரிய ஒலி அப்படத்தின் பக்கத்தில் இராது. ஏறத்தாழ 20 படங்கள் முன்னே தள்ளிப் பதிந்திருக்கும். செக்கனுக்கு 24 படங்கள் ஓடுவதால் இது முக்கால் செக்கனுக்கும் மேற்பட்ட தூரம். சுருளிற் பார்த்தாற் பிழை. திரையிற் பார்த்தாற் சரி. எங்கே பொருந்தவேண்டுமோ அங்கே பொருந்தினாற் போதும் என்பதே அந்தக் காலத்துப் பொறியியலாளர் கற்பித்த முதற் பாடம்.

சினிமாவில் இப்பொருத்தத்தைச் செய்ய நாட்கணக்கில் அவகாசம் உண்டு. நேரலையில் அவகாசம் இல்லை. அங்கே பிழை எவ்வாறு உண்டாகிறது என்று காண்போர், ஒலியும் ஒளியும் செல்லும் பாதைகளைத் தனித்தனியே தொடர்ந்து செல்லவேண்டும்.

ஒளியின் பாதை நீண்டது. செக்கனுக்கு 25 படங்கள் எடுக்கும் கமராவில் ஒரு படத்தின் ஆயுள் 40 மில்லிசெக்கன். இன்றைய எண்முறைக் கருவிகள் ஒரு படத்தைத் திருத்தவோ, அளவு மாற்றவோ, மற்றொன்றோடு கலக்கவோ வேண்டுமாயின், பெரும்பாலும் அப்படத்தை முழுமையாக வாங்கி நினைவகத்தில் வைத்த பின்னரே செய்கின்றன. ஒவ்வொரு முறை அவ்வாறு வாங்கி வைக்கும்போதும் ஒரு படத்தின் ஆயுள் கழிந்துவிடுகிறது. கமராவினுள்ளே ஒரு படம். மிக்சரின் வாயிலில் ஒரு படம். அளவை மாற்றும் இடத்தில் ஒரு படம் என்று கொண்டால், காட்சி 120 மில்லிசெக்கன் பிந்திவிடுகிறது. கம்பியில்லா இணைப்பு இருந்தால், அதன் தரத்திற்கேற்ப மேலும் சில படங்கள் கழியலாம்.

ஒலியின் பாதையோ குறுகியது. ஒலிவாங்கியிலிருந்து ஓடியோ மிக்சருக்கும், அங்கிருந்து வெளியேயும் செல்ல அதற்கு இரண்டு மூன்று மில்லிசெக்கன் போதும். ஆகவே மிக்சரின் வாயிலில் ஒலி முன்னே வந்து நிற்கிறது. காட்சி பின்னே மூச்சிரைத்து வருகிறது. மனம் எந்தப் பிழையைப் பொறுப்பதில்லையோ, அந்தப் பிழையே இங்கு இயல்பாக உண்டாகிறது. கருவிகளை இணைத்துவிட்டு எதனையும் சரிபார்க்காது ஒளிபரப்பத் தொடங்குபவர், தாம் ஒரு தவறுஞ் செய்யாமலே தவறான ஒளிபரப்பைச் செய்துகொண்டிருப்பார்.

பரிகாரம் யாது? பிந்தியதை முற்படுத்த எந்தக் கருவியாலும் இயலாது. இன்னும் வந்து சேராத படத்தை எவராலும் காட்ட முடியாது. ஆகவே முந்தியதையே காத்திருக்கச் செய்யவேண்டும். தேர் இழுப்போர் இதனை நன்கறிவர். இரண்டு வடங்களில் ஒன்றைப் பிடித்தோர் விரைந்து இழுத்தால் தேர் ஒரு பக்கம் திரும்பிவிடும். பிந்திய பக்கத்தாரை அதட்டுவதாற் பயனில்லை. முந்திய பக்கத்தார் வடத்தைத் தளர்த்தி நிற்பதே வழி. ஓடியோ மிக்சரிலோ, வீடியோ மிக்சரிலோ, ஓபிஎஸ் போன்ற கணினி மென்பொருளிலோ, ஒலியை இத்தனை மில்லிசெக்கன் தாமதிக்க என்று ஓர் எண்ணைக் கொடுக்க இடம் உண்டு. மேற்சொன்ன உதாரணத்தில் காட்சி 120 உம் ஒலி 2 உம் ஆயின், 118 என்னும் எண்ணைக் கொடுத்தால் இரண்டும் ஒன்றுபடும்.

இத்தாமதத்தை ஓரிடத்தில் மாத்திரமே கொடுக்கவேண்டும். ஓடியோ மிக்சரில் ஒருவரும், கணினியில் மற்றொருவரும், ஒருவர் செய்ததை மற்றவர் அறியாது கொடுத்துவிட்டால், ஒலி இரட்டிப்பாகப் பிந்திவிடும். பல குழுக்களில் நேரும் குழப்பம் இதுவே. எண்ணைக் கொடுப்பவர் ஒருவராயிருத்தலும், அந்த எண்ணை ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்தலும் நன்று.

ஒரே கமரா எனின் காரியம் இத்துடன் முடிந்துவிடும். பல கமராக்களைக் கலக்கும்போதே உண்மையான சோதனை தொடங்குகிறது. வசந்தமண்டபத்தின் முன்னே நிற்கும் கமரா கம்பியால் இணைக்கப்பட்டது. தேருடன் நடந்து செல்பவர் கையிலுள்ள கமரா கம்பியின்றி இணைக்கப்பட்டது. முன்னது 120 மில்லிசெக்கனும் பின்னது 240 மில்லிசெக்கனும் பிந்துகின்றன என்று கொள்ளலாம். ஒலிக்கு 118 கொடுத்தால் முதற் கமரா சரி. இரண்டாவதற்கு மாறியதும் ஒலி முந்திவிடுகிறது. 238 கொடுத்தால் இரண்டாவது சரி, முதலாவது கெடுகிறது. கமரா மாறும் ஒவ்வொரு முறையும் எண்ணை மாற்றிக்கொண்டிருத்தல் மனிதராற் செய்யத்தக்கதன்று.

இதற்கும் அதே விதியே மருந்து. எல்லாக் கமராக்களிலும் மிகவும் பிந்துவது எதுவோ, அதனோடு ஏனையவை ஒத்து நிற்குமாறு அவற்றைத் தாமதிக்கவேண்டும். முதற் கமராவின் காட்சியை மூன்று படங்கள், அதாவது 120 மில்லிசெக்கன், காத்திருக்கச் செய்தால் இரண்டும் 240 இல் ஒன்றுபடும். அதன்பின் ஒலிக்கு ஒரே எண் போதும். அவ்வாறு தாமதிக்கும் வசதி மிக்சரில் இல்லையெனின், கூடியவரை ஒரே வகைக் கமராக்களையும் ஒரே வகை இணைப்புகளையும் பயன்படுத்துதல் சிறந்தது. அதுவும் இயலாவிடின், வேறுபட்ட கமராவைப் பேச்சுக்கும் வாத்தியத்துக்கும் பயன்படுத்தாது, கோபுரம், கூட்டம், தேர்ச் சில்லு முதலிய காட்சிகளுக்கு மாத்திரம் வைத்துக்கொள்ளலாம். உதடும் கையும் தெரியாத காட்சியிற் பிழை தெரிவதில்லை.

பெரிய நிலையங்களில் எல்லாக் கமராக்களுக்கும் ஒரு பொதுத் துடிப்பை அனுப்புவர். இதனை ஜென்லொக் என்று கூறுவர். நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் இடையில் தாளம் போடுபவர் செய்யும் பணியே இதன் பணி. எல்லாக் கமராக்களும் ஒரே கணத்தில் தத்தம் படத்தைத் தொடங்கும். அதனால் மிக்சரின் வாயிலில் ஒவ்வொரு படமும் அடுத்த சுற்றுக்காகக் காத்து நிற்கவேண்டிய அவசியம் குறைகிறது. எனினும், கமராவினுள்ளே ஏற்படும் தாமதத்தை இத்துடிப்பு நீக்குவதில்லை. தாளம் ஒன்றாயினும் ஒருவர் ஓர் ஆவர்த்தனம் பிந்தி வாசித்தல் கூடும் அல்லவா? அதுபோன்றதே இது.

ஒலிவாங்கி வைக்கும் இடமும் இக்கணக்கிற் சேரும். காற்றில் ஒரு மீற்றர் செல்ல ஒலிக்கு ஏறக்குறைய 3 மில்லிசெக்கன் ஆகிறது. வாத்தியத்திலிருந்து 20 மீற்றர் தள்ளிக் கமரா நிற்க, அக்கமராவில் உள்ள ஒலிவாங்கியையே நம்பினால், ஒலி 57 மில்லிசெக்கன் பிந்தியே அதனுள் நுழையும். 35 மீற்றர் எனின் 100 மில்லிசெக்கன். அன்றியும், அருகிலுள்ள ஒலிவாங்கியின் ஒலியையும் தூரத்துக் கமராவின் ஒலியையும் ஒருங்கே கலந்துவிட்டால், ஒவ்வோர் அடியும் இரண்டு முறை கேட்கும். எனவே தலைமை ஒலிக்கு ஒரே ஊற்றுத்தான் வேண்டும். அது வாத்தியத்துக்கு அருகில் இருக்கவேண்டும். கூட்டத்தின் 'அரோகரா' ஒலிக்கு வைக்கும் வேறு ஒலிவாங்கியைத் தாழ்ந்த அளவிற் சேர்த்துக்கொள்ளலாம்.

நாதஸ்வரத்தைவிடத் தவிலே இவ்விடயத்திற் கண்டிப்பான பரீட்சகர். நாதஸ்வரக்காரரின் விரல் மெல்ல அசைகிறது. ஒலி நீண்டு செல்கிறது. சிறு பிழை அதனுள் மறைந்துவிடும். தவிலிலோ, ஒரு கை விரற்கூடுகளோடு விழுகிறது. மறு கை கோலோடு விழுகிறது. ஒவ்வோர் அடியும் கூர்மையானது, கண்ணுக்கும் தெளிவானது. 1975 இல் மறைந்த தவில் மேதை வி. தெட்சணாமூர்த்தி போன்றோரால் யாழ்ப்பாணத்துத் தவிலுக்குக் கடல் கடந்தும் பெயர் உண்டு. அத்தகைய கலையின் இன்றைய வாசிப்பு நாளைய மாணவனுக்குப் பாடமாக நிற்கவேண்டுமாயின், ஒலியும் கையும் ஒன்றாகப் பதிந்திருத்தல் இன்றியமையாதது. மூன்று படங்கள் பிந்திய பதிவில், விரைவான சொற்கட்டில், ஓர் அடியின் ஒலி அடுத்த அடியின் கையோடு போய்ச் சேர்ந்துவிடும். அதைப் பார்த்துப் பயிலுபவன் பிழையையே பயிலுவான்.

தொடக்கத்திற் சரியாயிருந்து போகப் போகக் கெடும் வேறொரு பிழையும் உண்டு. ஒலியைப் பதியும் கருவிக்கும் காட்சியைப் பதியும் கருவிக்கும் தனித்தனி மணிக்கூடுகள் உள்ளன. எந்த இரண்டு மணிக்கூடுகளும் முற்றாக ஒத்து ஓடுவதில்லை. பத்து இலட்சத்தில் 50 பங்கு வேறுபாடு என்பது மிகச் சிறிதாகத் தோன்றும். ஆயின் ஒரு மணி நேரத்தில் அது 180 மில்லிசெக்கனாக வளர்கிறது. மூன்று மணி நேரத் தேர்த் திருவிழாவின் முடிவில் அரைச் செக்கனைத் தாண்டிவிடுகிறது. ஒலியைத் தனிக் கருவியிற் பதிந்து பின்னர் சேர்ப்போர் இதனைப் பலமுறை கண்டிருப்பர். ஒலியை வீடியோ மிக்சரிலேயே காட்சியோடு சேர்த்து, இரண்டையும் ஒரே மணிக்கூட்டின் ஆட்சியில் விடுவதே இதற்கு வழி. ஒலிக் கருவிகள் யாவும் செக்கனுக்கு 48,000 மாதிரி என்னும் ஒரே அளவில் அமைக்கப்பட்டிருத்தலும் வேண்டும்.

இவ்வாறு ஒருமுறை ஒன்று சேர்த்துவிட்டால், அப்பால் உள்ள தூரம் பொருட்டன்று. நீர்வேலியிற் பிறந்த காட்சி ரொறன்ரோவிலுள்ள வீட்டுக்குச் செல்ல அரை நிமிடம் ஆகலாம். அத்தாமதம் வேறு, இங்கே பேசப்படும் பிரிவு வேறு. கணினி, ஒலித்துண்டு ஒவ்வொன்றிலும் படம் ஒவ்வொன்றிலும் ஒரு நேர முத்திரையைக் குத்தி அனுப்புகிறது. பெறும் கருவி அம்முத்திரைகளைப் பார்த்து, ஒத்தவற்றை ஒன்றாக வெளியிடுகிறது. தபாலிற் சென்ற கடிதமும் அதனுடன் இணைத்த புகைப்படமும் ஒரே உறையிற் சென்றால், எத்தனை நாள் தாமதித்தாலும் ஒன்றாகவே சேரும் அல்லவா? ஆனால் உறைக்குள் இடும்போதே தவறான படத்தை இட்டுவிட்டால், எந்தத் தபாற்காரனாலும் அதனைத் திருத்த இயலாது.

பார்ப்பவர் வீட்டிலும் பிழை நேரலாம். புதிய தொலைக்காட்சிப் பெட்டிகள் படத்தை அழகுபடுத்துவதற்காக அதனைச் சற்றுத் தடுத்து வைக்கின்றன. கம்பியில்லாச் செவிப்பொறிகள் ஒலியைப் பிந்தச் செய்கின்றன. ஆகவே, அயல்நாட்டு உறவினர் ஒருவர் தொலைபேசியில், 'ஒலி பிந்துகிறது' என்றதும் ஒளிபரப்புவோர் எண்ணை மாற்றிவிடலாகாது. ஒருவருடைய பெட்டிக்காக மாற்றிய எண் மற்ற எல்லோருக்கும் பிழையாகிவிடும். பலர் பல நாடுகளிலிருந்து ஒரே குறையைக் கூறினால் மாத்திரமே ஊற்றிடத்தை ஐயுறவேண்டும். அவ்விடத்திலும் சான்று செவிப்பொறியன்று. மிக்சரிலிருந்து வெளிச்செல்லும் முடிவான பதிவே சான்று. ஓடியோ மிக்சரில் நேரே செவிப்பொறியைச் செருகிக் கேட்பவர், தாமதிக்கப்படாத ஒலியைக் கேட்டு ஏமாந்துபோவார்.

இனி அளக்கும் முறை. இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. சினிமாக்காரர் பயன்படுத்தும் தட்டும் பலகையின் தத்துவமே போதும். கோயில்களில் உள்ள வெண்கலத் தாளம் அதற்கு மிகப் பொருத்தமானது. ஒருவர் ஒலிவாங்கிக்கு அருகில் நின்று, கமராவுக்கு நன்கு தெரியும்படி தாளத்தை ஒருமுறை தட்டவேண்டும். மிக்சரின் வெளியீட்டைப் பதிவு செய்து, அப்பதிவைப் படம் படமாக நகர்த்திப் பார்க்கவேண்டும். இரு தட்டுகளும் முட்டும் படம் எது, ஒலியின் வரைபில் முனை எழும் இடம் எது என்று குறித்து, இடையிலுள்ள படங்களை எண்ணி 40 ஆற் பெருக்கினால் மில்லிசெக்கன் கிடைக்கும். ஒரு படத்தினுள் எந்தக் கணத்தில் முட்டியது என்பது தெரியாதாகையால், மூன்று நான்கு முறை தட்டிச் சராசரி எடுத்தல் நன்று.

இதனை ஒவ்வொரு கமராவுக்கும் தனித்தனியே செய்யவேண்டும். எண்ணைக் கொடுத்த பின் மீண்டும் தட்டிச் சரிபார்க்கவேண்டும். கருவிகளைத் தொடக்கியவுடன் அளந்ததோடு நில்லாது, அரை மணி நேரம் ஓடிய பின்னரும் அளக்கவேண்டும். நடுவில் ஒரு கம்பியை மாற்றினாலும், ஒரு கமராவின் பட எண்ணிக்கையை மாற்றினாலும், பழைய எண் செல்லாது. இவை யாவும் கொடியேற்றத்திற்கு முன்னரே முடிந்திருத்தல் வேண்டும். மேளம் முழங்கத் தொடங்கிய பின், ஊகத்தினால் எண்ணைத் திருகிக்கொண்டிருப்பவர் சரியாயிருந்ததையும் கெடுத்துவிடுவார். பதறாத காரியம் சிதறாது என்பது இத்தொழிலுக்கும் பொருந்தும் முதுமொழி.

எப்போதாவது முற்றாகப் பொருத்துதல் இயலாது போகுமாயின், எந்தப் பக்கம் சாய்வது என்பதற்கும் விடை மேலே கூறப்பட்டுவிட்டது. ஒலி சற்றுப் பிந்தட்டும், முந்த வேண்டாம். 20 அல்லது 30 மில்லிசெக்கன் பிந்திய ஒலியை, பத்து மீற்றர் தொலைவிலிருந்து வந்த ஒலி என்று மனம் ஏற்றுக்கொள்ளும். முந்திய ஒலியை ஏற்பதற்கு இயற்கை அதற்குக் கற்பிக்கவில்லை.

நன்றாகச் செய்யப்பட்ட இப்பணியை எவரும் கவனிப்பதில்லை. தேர் அசைகிறது, தவில் முழங்குகிறது, முதியவர் ஒருவர் திரையின் முன்னே கை கூப்புகிறார். ஒலியும் ஒளியும் பொருந்தியிருந்தன என்று அவர் ஒருபோதும் சொல்லமாட்டார். ஊரிலே நின்றது போலிருந்தது என்றே சொல்லுவார். அந்த ஒரு சொல்லுக்காக, வீதியோரத்தில் மேசையொன்றின் பின்னே அமர்ந்த இளைஞன் காலையிலேயே வந்து, தாளத்தைத் தட்டி, படங்களை எண்ணி, முந்தியதைப் பிந்தியதற்காகக் காத்திருக்கச் செய்திருக்கவேண்டும்.